மேடையில் நீண்ட கிட்டார் சோலோ: ரசிகர் நகராமல் கேட்கும்படி அமைப்பது எப்படி

1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் வாசித்த 'விப்பிங் போஸ்ட்' 23 நிமிடம் ஓடுகிறது. இரட்டை இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரு பாட்டுதான். ஐந்து ஆண்டு கழித்து, 1976இல், ரமோன்ஸின் முதல் ஆல்பம் வந்தது. 14 பாட்டு, மொத்தமே 29 நிமிடம், கிட்டார் சோலோவுக்கு அதில் கிட்டத்தட்ட இடமே இல்லை. இரண்டையும் ராக் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 2003இல் மெட்டாலிகா 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் சோலோவை அடியோடு எடுத்தபோது அவர்களுடைய ரசிகர்களே குறைபட்டுக்கொண்டார்கள். 2008இல் வந்த 'டெத் மேக்னெட்டிக்'கில் சோலோக்கள் திரும்பி வந்தன.

ஆகவே நீண்ட சோலோ ரசிகருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று கேட்பதில் பயனில்லை. அலுத்துக்கொள்கிறவர்கள் எதைச் சொல்லி அலுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். "எங்கே போகிறது என்றே தெரியவில்லை." "மற்றவர்கள் மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள், இவர் ஒருவர் மட்டும் விரலை ஓட்டிக்கொண்டிருக்கிறார்." "முதல் நிமிடத்தில் கேட்டதையே ஐந்தாம் நிமிடத்திலும் கேட்டேன்." மூன்று புகாரிலும் நீளம் அதிகம் என்ற குறை கிடையாது. பாட்டு கையை விட்டுப் போய்விட்டது என்பதுதான் மூன்றுக்கும் வேர். பாட்டில் தான் எந்த இடத்தில் நிற்கிறோம், இன்னும் ஏறுவதற்கு மேடு இருக்கிறதா என்பது கேட்பவருக்குத் தெரிந்துகொண்டே இருந்தால் அவர் நிற்பார். கீழே உள்ள ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகத்தான்.

முதலில் வகையைத் தீர்மானியுங்கள்

பாட்டுக்குள் வரும் சோலோ ஒன்று. டிரம்ஸும் பேஸும் பாட்டின் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டம்) வரிசையைச் சுற்றிச் சுற்றி வாசிக்க, கிட்டார் மேலே பேசும். தனி சோலோ இன்னொன்று. மற்றவர்கள் ஒதுங்கிவிட, கிட்டார்க்காரர் மட்டும் வெளிச்சத்தில் நிற்பார். 1970களிலும் 80களிலும் பெரிய அரங்கங்களில் இது வழக்கமாகவே ஆனது. ரசிகர்கள் எழுந்து குடிக்க வாங்கப் போவதும் கழிப்பறைக்குப் போவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான். மார்கழிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் ஒரு பகுதியினர் எழுந்து கேன்டீன் பக்கம் போவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவர் உட்கார்ந்திருப்பார், பிடி விட்டவர் போய்விடுவார்.

முதல் முறை மேடையேற்றுகிறீர்கள் என்றால் பாட்டுக்குள் வரும் சோலோவையே எடுங்கள். இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

பாட்டைத் தேர்வு செய்யும்போது கார்டு நகர்வதைக் கவனியுங்கள். கிரீம் குழுவின் 1968 ஆல்பமான 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' இதற்கு நல்ல பாடம். அதில் மேடைப் பதிவாக வரும் 'கிராஸ்ரோட்ஸ்' நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். எரிக் கிளாப்டன் இரண்டு சோலோ வாசிக்கிறார், இரண்டும் 12 பார் (பார் என்பது ஒரு தாள வட்டம்) ப்ளூஸ் சுற்றை விட்டு இம்மியும் நகரவில்லை. அதே ஆல்பத்தின் 'ஸ்பூன்ஃபுல்' 16 நிமிடத்துக்கு மேல், பெரும்பாலும் ஒரே கார்டின் மேல் மூவரும் உலாவுகிறார்கள். முதலாவதை கிட்டாரே தெரியாதவரும் ரசிப்பார். இரண்டாவதற்குக் காது பழகியிருக்க வேண்டும், வாசிப்பவருக்கும் அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஒரே கார்டில் ஐந்து நிமிடம் நிற்பது எளிது போலத் தோன்றும். உண்மையில் அதுதான் மிகக் கடினம், ஏனென்றால் கார்டு மாறும்போது சும்மா கிடைக்கும் நகர்வை நீங்களே உண்டாக்க வேண்டியிருக்கும்.

நிமிடத்தைப் பாராக மாற்றுங்கள்

"ஐந்து நிமிடம் வாசிப்பேன்" என்று டிரம்மரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. பாரில் சொல்லுங்கள். நான்கு தட்டுப் பாட்டில் 240ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு) வகுத்தால் ஒரு பாரின் நேரம் விநாடியில் வரும். டெம்போ 64 என்றால் ஒரு பார் 3.75 விநாடி, 8 பார் 30 விநாடி, 64 பார் சரியாக 4 நிமிடம். டெம்போ 150 என்றால் ஒரு பார் 1.6 விநாடிதான், அதே 4 நிமிடத்துக்கு 150 பார் வேண்டும். வேகமான பாட்டில் கை தளர்வதும் யோசனை வற்றுவதும் இதனால்தான். முதல் நீண்ட சோலோவுக்கு 60 முதல் 80 வரையிலான டெம்போ உகந்தது. மூச்சு விட இடம் இருக்கும், நீண்ட ஒரு சுரத்தை வளைத்து (தந்தியை இழுத்துச் சுருதி ஏற்றி) நிறுத்தவும் நேரம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டுக்கு பி மைனரில் ஒரு வரிசையை வைத்துக்கொள்வோம்: பி மைனர், ஏ, ஜி, இ மைனர், கார்டுக்கு இரண்டு பார். ஆக 8 பார் ஒரு சுற்று, எட்டுச் சுற்று, நான்கு நிமிடம்.

எட்டுச் சுற்றில் என்ன செய்வது

முதல் சுற்றில் 7 முதல் 10 வரையிலான ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் உள்ள கட்டங்கள்), ஏ, டி, ஜி தந்திகளில் மட்டும் இருங்கள். நான்கைந்து சுரம் கொண்ட ஒரு சிறு வாக்கியம், பிறகு ஒரு பார் மௌனம். பாடகர் அந்தப் பாட்டில் கடைசியாகப் பாடிய வரியின் மெட்டிலிருந்து அந்த வாக்கியத்தை எடுத்தால் இன்னும் நல்லது, கேட்பவர் பாட்டுக்குள்ளேயே இருப்பார். கிட்டாரின் வால்யூம் குமிழ் 7இல் இருக்கட்டும்.

இரண்டாம் சுற்றில் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லி, கடைசிச் சுரத்தை மட்டும் மாற்றுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: திரும்ப வராத எதையும் கூட்டம் நினைவில் வைத்துக்கொள்ளாது. புதியவர்கள் ஒவ்வொரு பாரிலும் புதிதாக எதையாவது சொல்ல முயல்கிறார்கள். முப்பது வாக்கியம் சொல்லி ஒன்றும் மனதில் நிற்காமல் போவதைவிட மூன்று வாக்கியத்தை வளர்த்தால் போதும்.

மூன்றாம் சுற்றில் மெட்டைக் குறைத்துத் தாளத்தைக் கூட்டுங்கள். ஒன்றிரண்டு சுரமே போதும், ஆனால் டிரம்மரின் ஸ்னேர் டிரம்மோடு சேர்ந்து விழும்படி. நான்காவதில் இரண்டு தந்தியைச் சேர்த்து வாசிப்பது, அல்லது இரண்டாவது கிட்டாரோடு மூன்றாம் இடைவெளியில் (சுர வரிசையில் இரண்டு சுரம் தள்ளி) இணைந்து வாசிப்பது. ஆல்மன் பிரதர்ஸின் டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் இணைந்து வாசித்த இடங்கள் இன்றும் மனப்பாடமாகப் பாடப்படுவதற்குக் காரணம் அந்த இரட்டைக் குரல்.

ஐந்தாம் சுற்று இறக்கம். பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான். முழு பேண்டும் பாதிச் சத்தத்துக்கு இறங்க வேண்டும். டிரம்ஸ் ஹை-ஹாட்டுக்கு (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) வரட்டும், பேஸ் பாருக்கு ஒரு சுரம், உங்கள் குமிழ் 4க்கு. பேண்டு இறங்கும்போது அரங்கின் பின்வரிசைப் பேச்சு உங்களுக்கே கேட்கும், அடுத்த சில விநாடியில் அது அடங்குவதும் கேட்கும். நான்கு நிமிடத்தில் கூட்டத்தின் முழுக் கவனம் கிடைக்கும் இடம் இதுதான். இங்கே வேகம் காட்டாதீர்கள்.

ஆறும் ஏழும் ஏற்றம். ஆறாவதில் 12ஆம் ஃப்ரெட்டுக்கு நகருங்கள், ஏழாவதில் 15க்கு மேல். எட்டாவது உச்சம்: மெல்லிய இ தந்தியில் 17ஆம் ஃப்ரெட்டின் ஏ-யை முழுதாக வளைத்து பி-க்குக் கொண்டுபோய் இரண்டு பார் நிறுத்தலாம். 22 ஃப்ரெட் கிட்டாரில் கடைசி ஃப்ரெட் டி, அதை வளைத்தால் இ. உச்சத்துக்கு எடுக்கும் சுரத்தை அதுவரை ஒரு முறைகூடத் தொடக் கூடாது. உச்சத்துக்கென்று ஒதுக்கிய ஃப்ரெட்டுகளை முன்கூட்டியே முடிவுசெய்து, ஒத்திகையில் அந்த எல்லையைக் கண்டிப்பாகக் காப்பாற்றுங்கள்.

மேடையில் பெரும்பாலும் உடைவது இந்த எல்லைதான். விளக்கும் சத்தமும் சேர்ந்து படபடப்பை ஏற்ற, முதல் சுற்றிலேயே கை 15ஆம் ஃப்ரெட்டுக்கு ஓடிவிடும். ஒரு நிமிடத்துக்குள் உச்சம் முடிந்து, மீதி மூன்று நிமிடம் அதையே திரும்பத் திரும்ப வாசிக்க நேரும். அப்படி ஓடிவிட்டால் பதறாதீர்கள். ஐந்தாம் சுற்றின் இறக்கத்தை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள், டிரம்மரைப் பார்த்துக் கையைத் தாழ்த்திக் காட்டினால் போதும். அங்கிருந்து இரண்டாவது முறை ஏறலாம்.

கார்டு மாறுவது காதில் விழ வேண்டும்

பி மைனர் பெண்டடானிக்கில் ஐந்து சுரம்: பி, டி, இ, எஃப் ஷார்ப், ஏ. இதையே நான்கு நிமிடமும் வாசித்தால் தவறு என்று எதுவும் ஒலிக்காது. ஆனால் அடியில் கார்டு மாறுவதும் கேட்காது. "எல்லாம் ஒன்று போலவே இருந்தது" என்ற புகாரில் பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது.

இரண்டே சுரத்தைச் சேர்த்தால் நிலைமை மாறும். ஏ கார்டு வரும்போது சி ஷார்ப், இ மைனர் வரும்போது ஜி. முதலாவது ஜி தந்தியின் 6ஆம் ஃப்ரெட், இரண்டாவது பி தந்தியின் 8ஆம் ஃப்ரெட். இரண்டும் 7ஆம் ஃப்ரெட் கைநிலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஜி கார்டில் பி அல்லது டி-யில் இறங்குங்கள், பி மைனரில் டி அல்லது எஃப் ஷார்ப்பில். கார்டு மாறும் முதல் தட்டில் இந்தச் சுரம் விழ வேண்டும், நடுவில் எப்படி வேண்டுமானாலும் போகலாம். ஏ கார்டின் முதல் தட்டில் டி-யை நீட்டிப் பிடித்தால் உறுத்தும். அது அவ்வளவு பெரிய தவறில்லை, ஆனால் சி ஷார்ப்புக்கு இறக்கித் தீர்க்க வேண்டும்.

வளைவுகள் சுருதியில் நிற்க வேண்டும். ஜி தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் இ-யை வளைத்து எஃப் ஷார்ப்புக்குக் கொண்டுபோய், பி தந்தியின் 7ஆம் ஃப்ரெட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்போது அலையடிப்பு நின்றால் சரி. இதை டியூனர் பார்த்துச் செய்வதைவிடக் காதால் செய்வதே பலன் தரும். மேடையில் ஆட்கள் பெரும்பாலும் வளைவைக் குறைவாகவே விடுகிறார்கள். சத்தத்தில் சுருதி சரியாகக் கேட்காதது ஒரு காரணம், விரல் வியர்த்து நழுவுவது இன்னொன்று.

ஒலி அமைப்பு

சோலோவுக்கு 3 முதல் 6 டெசிபெல் வரை கூடுதல் சத்தம் வேண்டும். அதற்கு மேல் போனால் பாட்டு மறைந்துவிடும், குறைந்தால் பின்வரிசைக்கு எட்டாது. அந்தக் கூடுதலை எங்கே சேர்க்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பூஸ்ட் பெடலை (சத்தம் கூட்டும் கால்மிதி) டிஸ்டார்ஷனுக்கு (கரகரப்பு தரும் பெடல்) முன்னால் வைத்தால் கரகரப்பு கூடும், சத்தம் அவ்வளவாகக் கூடாது. ஏற்கெனவே நிரம்பி வழியும் பாத்திரத்தில் மேலும் ஊற்றுவது போல. சத்தம்தான் வேண்டுமென்றால் பூஸ்ட் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால், அல்லது ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (பெடல்களைக் கோக்க ஆம்பில் உள்ள இணைப்பு) இருக்க வேண்டும். லூப்பில் ஒரு கிராஃபிக் ஈக்வலைசர் வைத்து 800 முதல் 1,600 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை 3 அல்லது 4 டெசிபெல் உயர்த்தினால், மொத்தச் சத்தத்தை அதிகம் ஏற்றாமலேயே கிட்டார் முன்னால் வந்து நிற்கும்.

வீட்டில் தனியாக வாசிக்கும்போது இனிக்கிற அமைப்பு மேடையில் காணாமல் போகும். நடு அதிர்வெண்ணைக் குறைத்து, பேஸையும் (அடி ஒலி) ட்ரெபிளையும் (உச்ச ஒலி) ஏற்றி வைத்த ஒலி அது. மேடையில் அந்தப் பேஸை பேஸ் கிட்டார் விழுங்கிவிடும், ட்ரெபிளை சிம்பல் விழுங்கிவிடும். உங்களுக்கென்று மிச்சமிருப்பது நடுப்பகுதிதான், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். கெய்னையும் (ஆம்பின் கரகரப்பு அளவு) வீட்டில் வைப்பதைவிட நான்கில் ஒரு பங்கு குறையுங்கள். கெய்ன் மிகுந்தால் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான் வரும், எட்டுச் சுற்றின் ஏற்ற இறக்கம் முழுவதும் வீணாகும்.

எதிரொலி தரும் டிலேயைப் பாட்டின் டெம்போவுக்குப் பொருத்துங்கள். 60,000ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டின் நேரம் மில்லி விநாடியில் வரும். 64க்கு அது 937. அதில் முக்கால் 703, பாதி 469. 469இல் தொடங்கிப் பாருங்கள், மூன்று எதிரொலி, அசல் ஒலியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. அரங்கமே எதிரொலிக்கும் கூடமாக இருந்தால் டிலேயைப் பாதியாக்குங்கள், ரிவெர்பை (கூடத்தின் முழக்கத்தைச் சேர்க்கும் அமைப்பு) முழுதாக அணைத்துவிடுங்கள்.

வால்யூம் குமிழைக் குறைக்கும்போது ஒலி மங்கிப் போகிறதென்றால் உள்ளே ட்ரெபிள் ப்ளீட் இல்லை என்று பொருள். ஒரு சிறிய கப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் கொண்ட எளிய இணைப்பு அது, பழுது பார்ப்பவரிடம் கேட்டால் போட்டுக் கொடுப்பார். நீண்ட சோலோவுக்கு அவசியம்.

நீண்டு நிற்கும் ஒற்றைச் சுரம் கூட்டத்தைக் கட்டிப்போடும் ஆயுதம். 1970 ஜனவரி 1 அன்று ஃபில்மோர் ஈஸ்டில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த 'மெஷின் கன்' சோலோவின் தொடக்கத்தில் ஒரே சுரம் பல பார்களுக்கு ஊளையிட்டு நிற்கிறது, ஒரு விரலோட்டமும் இல்லாமலே உடல் சிலிர்க்கிறது. இதற்கு ஆம்புக்கு எதிரே ஒன்று இரண்டு மீட்டர் தூரத்தில், கிட்டாரின் முகம் ஸ்பீக்கரைப் பார்க்க நிற்க வேண்டும். ஒலிச் சோதனையின்போதே எந்த இடத்தில் எந்தச் சுரம் பிடிக்கிறது என்று பார்த்துத் தரையில் டேப் ஒட்டி வையுங்கள், அரங்கம் மாறினால் இடமும் மாறும். இரைச்சலைத் தடுக்கும் நாய்ஸ் கேட் போட்டிருந்தால் சோலோவுக்கு முன் அணையுங்கள், இல்லாவிட்டால் சுரத்தின் வாலை அது வெட்டும். மேடையில் ஸ்பீக்கரே இல்லாமல், மாடலர் (ஆம்பின் ஒலியைப் போல உருவாக்கும் மின்னணுக் கருவி) வழியாக நேரே மிக்ஸருக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சுரம் தானாக வராது. ஒரு சிறிய ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தந்தி 10-46 அளவு (மெல்லியது 0.010 அங்குலம், தடித்தது 0.046) பெரும்பாலோருக்குப் போதும். புதுத் தந்தியை முந்தைய நாளே மாட்டி இழுத்துப் பழக்கிவிடுங்கள். மேடை விளக்கின் சூட்டில் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும், ஆகவே கிட்டாரை மேடையிலேயே பதினைந்து நிமிடம் வைத்த பிறகு டியூன் செய்யுங்கள். மிதக்கும் பிரிட்ஜ் (தந்திகளின் இழுவையை ஸ்பிரிங் சமன் செய்யும் அடிப்பாலம்) உள்ள கிட்டார் என்றால் ஒரு தந்தி அறுந்ததும் மற்ற ஐந்தும் சுருதி விட்டுவிடும். டியூன் செய்த இரண்டாவது கிட்டார் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் நீண்ட சோலோவுக்குள் இறங்காதீர்கள். பிக்குகள் நாலைந்து மைக் ஸ்டாண்டில் இருக்கட்டும்.

பேண்டோடு உடன்படிக்கை

நீண்ட சோலோவைத் தாங்குவது டிரம்மர். ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் என்ன மாற்றுவார் என்று பேசி வையுங்கள்: முதல் இரண்டில் மூடிய ஹை-ஹாட், மூன்றிலும் நான்கிலும் ரைடு சிம்பல், ஐந்தில் மறுபடி ஹை-ஹாட், ஏழில் கிராஷ் சிம்பல். சத்தம் ஏறும்போது டெம்போவும் சேர்ந்து ஏறுவது இயல்பு. 64இல் தொடங்கியது 70க்கு வந்தால் உங்கள் டிலே தாளத்தை விட்டு விலகி எல்லாம் குழம்பும். டிரம்மர் காதில் கிளிக் (தட்டைக் காட்டும் ஒலி) வைப்பது ஒரு வழி. டிலே பெடலில் டேப் டெம்போ (தட்டி வேகம் அமைக்கும் வசதி) இருந்தால் இறக்கத்தின்போது காலால் நான்கு தட்டு தட்டிச் சரிசெய்துகொள்வது இன்னொரு வழி.

இரண்டாவது கிட்டாரும் கீபோர்டும் உங்கள் உயரத்தில் வாசிக்கக் கூடாது. நீங்கள் கீழே இருக்கும்போது அவர்கள் மேலே மெல்லியதாக, நீங்கள் மேலே போனதும் அவர்கள் கீழே. மூவர் மட்டுமே உள்ள பேண்டில் நீங்கள் மேல் ஃப்ரெட்டுக்குப் போனதும் நடுவில் ஒரு பள்ளம் விழும், பேஸ் வாசிப்பவர் அடிச்சுரத்தோடு ஐந்தாம் சுரத்தையும் சேர்த்து நிரப்ப வேண்டும்.

முடிவுக்கு ஒரு அடையாளம் வேண்டும். மிருதங்கக்காரர் மோராவும் கோர்வையும் வைத்தால் பாடகருக்கு எடுப்பு எங்கே என்று தெரிந்துவிடும், கேட்கும் ரசிகரும் நிமிர்ந்து உட்காருவார். அதே வேலையைச் செய்யும் நான்கு பார் வாக்கியம் ஒன்றை மாற்றமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், அதை வாசித்தால் முழு பேண்டும் அடுத்த சுற்றில் முடிக்கும். கூடவே கிட்டாரின் கழுத்தை உயர்த்துவது போன்ற ஒரு கண் அடையாளமும் இருக்கட்டும். இது இல்லாத பேண்டுகளில்தான் ஒருவர் முடித்துவிட மற்றவர் இன்னும் இரண்டு பார் ஓடுவது நடக்கிறது, நான்கு நிமிடம் கட்டியது அந்த இரண்டு பாரில் சரியும். ஒலிப் பொறியாளருக்கும் விளக்குக்காரருக்கும் சோலோ வரும் பாட்டு, நீளம், முடிவு அடையாளம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

இதில் ரசிகர்கள் உண்மையிலேயே இரண்டு கட்சி. ஆல்பத்தில் கேட்டபடியே வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், ஒவ்வோர் இரவும் வேறாக இருந்தால்தான் வருவேன் என்பவர்கள் மறுபக்கம். கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரசிகர்கள் ஒரே பாட்டின் வெவ்வேறு இரவுப் பதிவுகளைச் சேகரித்து ஒப்பிட்டவர்கள். ஈகிள்ஸின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வில் இரண்டு கிட்டாரும் சேர்ந்து இறங்கும் அந்தக் கடைசிப் பகுதியை ஒரு சுரம் மாற்றி வாசித்துப் பாருங்கள், அரங்கமே திரும்பிப் பார்க்கும். அதை அவர்கள் வார்த்தை இல்லாத சரணமாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

நடைமுறையில் இரு கட்சியையும் நிறுத்தி வைக்கும் வழி இது: தொடக்க வாக்கியம், நடுவில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம், முடிவு வாக்கியம் மூன்றையும் பதிவில் உள்ளபடியே வாசியுங்கள். இடைப்பட்ட சுற்றுகளில் உங்கள் விருப்பம். உங்கள் சொந்தப் பாட்டு, கூட்டத்துக்கு அது புதிது என்றால் காப்பாற்ற வேண்டிய பழைய மெட்டு எதுவும் இல்லை, அப்போது நீளத்தைப் பாதியாக்குங்கள்.

எங்கே வைப்பது

ஒரு மணி நேர நிகழ்ச்சியில் ஒன்று போதும். கடைசிக்கு முந்தைய பாட்டு நல்ல இடம், அதற்கு முன் சிறிய, வேகமான பாட்டு ஒன்று. அரை மணி நேரமே கிடைக்கும் விழாவில், மற்ற பேண்டைப் பார்க்க வந்த கூட்டத்தின் முன், வேண்டவே வேண்டாம்.

கூட்டம் நழுவுவதை அறிவது

கை தட்டலை நம்பாதீர்கள், அது மரியாதைக்கும் வரும். நீங்கள் மௌனம் விடும் பாரில் பேச்சொலி கேட்கிறதா என்று கவனியுங்கள். முன்வரிசையின் தோள்கள் மேடையைப் பார்த்திருந்தால் சரி, பக்கத்தாளை நோக்கித் திரும்பத் தொடங்கினால் பிடி தளர்கிறது. உயர்ந்திருந்த கைபேசிகள் ஒன்றாகத் தாழ்வதும் அடையாளம்தான், ஆனால் தலைகள் அசைந்துகொண்டிருந்தால் அது நல்ல அடையாளம்.

நழுவும்போது கை தானாக வேகம் கூட்டும். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும், ஏற்கெனவே அதிகமாகிப் போனதை இன்னும் அதிகமாக்குகிறீர்கள். மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள். சத்தத்தை இறக்குங்கள். அல்லது பாட்டின் பல்லவி மெட்டை அப்படியே வாசியுங்கள். அல்லது கேள்வி பதிலுக்குப் போங்கள்: 1972 ஆகஸ்டில் டீப் பர்ப்பிள் ஜப்பானில் வாசித்த 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பதிவில் ரிச்சி பிளாக்மோர் கிட்டாரில் ஒன்றைச் சொல்ல, இயன் கில்லன் குரலில் அதையே திருப்பிச் சொல்கிறார், உயரம் ஏறிக்கொண்டே போகிறது. இதைப் பாடகரோடு முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். மூன்றும் பலிக்கவில்லை என்றால் முடிவு வாக்கியத்தை வாசித்துவிடுங்கள், 64 பாரும் வாசித்தே தீர வேண்டும் என்பதில்லை.

தனி சோலோ வாசித்தே ஆக வேண்டும் என்றால்

இரண்டு நிமிடத்தைத் தாண்டாதீர்கள். எட்டி வான் ஹேலன் 1978இல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த 'எரப்ஷன்' ஒரு நிமிடம் 42 விநாடிதான். அடியில் ஏதாவது ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கட்டும், திறந்த இ தந்தியோ கீபோர்டின் ஒற்றைச் சுரமோ போதும், தம்புரா போல. சுருதி காதில் இருந்தால் தாளம் இல்லாத குறையை ஓரளவு தாங்கலாம். முடிவில் நேரே அடுத்த பாட்டின் ரிஃபுக்குள் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வாக்கியம்) இறங்குங்கள், டிரம்மர் அங்கேயே வந்து சேரட்டும்.

ஒத்திகை

பின்னணியைப் பதிவுசெய்துகொண்டு, அதன் மேல் ஐந்தாறு சோலோ தொடர்ச்சியாக வாசித்துப் பதியுங்கள். அன்றே கேட்காதீர்கள். மறுநாள் கிட்டார் இல்லாமல் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பார் நன்றாக இருக்கிறது என்று தாளில் குறித்து, அந்தத் துண்டுகளை இணைத்து ஒரு சோலோவாக்கிக் கற்றுக்கொள்ளுங்கள். பிங்க் ஃபிளாய்டின் 'கம்ஃபர்டப்ளி நம்' சோலோவை டேவிட் கில்மர் உருவாக்கிய முறை இதுதான், அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 1979 ஆல்பத்தில் மெல்ல மங்கி முடியும் அந்தச் சோலோவை அவர் பிறகு மேடைகளில் நீட்டி வாசித்தார். 1980, 81 நிகழ்ச்சிகளில் மேடையை மறைத்து எழுப்பிய சுவரின் உச்சியில் நின்று வாசித்தார். அதன் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாயால் பாடிவிடலாம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் சோலோவுக்கும் அதே சோதனை வையுங்கள்: நண்பர் ஒருவரிடம் ஒரு முறை போட்டுக் காட்டி, ஏதாவது ஒரு வாக்கியத்தை முணுமுணுக்கச் சொல்லுங்கள். ஒன்றுகூட வரவில்லை என்றால் வாக்கியங்கள் நீளமாக இருக்கின்றன, அல்லது ஒன்றுமே திரும்ப வரவில்லை.

பிறகு முழு பேண்டோடு நான்கைந்து முறை. கைபேசியை அறையின் பின்சுவரருகே வைத்துப் பதிவுசெய்யுங்கள், உங்கள் ஆம்பின் அருகே வைத்தால் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

மேடையில் கடைசிச் சுரம் ஒலித்து அடங்கும்வரை டிரம்மர் அடுத்த பாட்டுக்குத் தட்டக் கூடாது, பாடகரும் மைக்கில் பேசக் கூடாது. அடங்கியதும் பூஸ்டையும் டிலேயையும் அணைத்து, நாய்ஸ் கேட்டைத் திரும்பப் போட்டு, பாடகர் பேசும் இடைவெளியில் டியூனரை மிதியுங்கள். அத்தனை வளைவுக்குப் பிறகு ஜி தந்தி நிச்சயம் இறங்கியிருக்கும்.